நாற்பத்தேழு வயது அப்ரண்டிஸ்

ஜனீன் பள்ளிக்கூடத்தில் அப்ரண்டிஸாகச் சேரப்போகிறாள் என்று கேட்டதும் அவள் கணவன் ஆலன் கையிலிருந்த டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். சமையலறைகளுக்கு அலமாரி பொருத்துவது அவன் தொழில்.

"அப்ரண்டிஸா? எங்கிட்ட ஒருத்தன் அப்ரண்டிஸா இருக்கான். பதினேழு வயசு. நேத்து அலமாரிக் கதவத் தலைகீழா மாட்டிட்டு, கைப்பிடி எங்கன்னு பத்து நிமிஷம் தேடிட்டிருந்தான்."

"நானும் அப்படித்தான் தேடுவேன் போல."

"எத்தன மாசம்?"

"பதினெட்டு. கடைசியில ஒருத்தர் வந்து பக்கத்துல உக்காந்து நான் வேல செய்யறதப் பாப்பாராம். அப்புறம் ஒரு மணி நேரம் கேள்வி."

"என்ன வேலன்னு சொன்ன?"

"வகுப்புல டீச்சருக்கு ஒத்தாசை. அதோட பிள்ளைங்க மனசப் பாத்துக்கறது."

ஆலன் கோப்பையை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த வீட்டில் மனசு என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுத்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே மகன் கீரன், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக் கடற்கரை ஊரான ஹார்ட்டில்பூலிலிருந்து வடக்கே போகும் கடலோரச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து இறந்துபோனான். சவ அடக்கத்தன்று ஜனீன் அறுபது பேருக்கு சாண்ட்விச் செய்தாள். ஓரங்களை வெட்டினாள், தட்டுகளில் அடுக்கினாள், மேலே ஈரத்துணி போட்டு மூடினாள். அழவில்லை. அப்புறம் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் காத்திருந்தாள், வரவில்லை. இரண்டாவது வாரமே மீன் ஆலைக்குத் திரும்பிப் போய், பெல்ட்டில் வரும் மீன்துண்டுகள் ரொட்டித்தூளில் புரள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆலைக்குள் எப்போதும் குளிர். இரண்டு கையுறை போட்டும் விரல் மரத்துப்போகும். அவளுக்கு அது பழகிய இடம்போல இருந்தது.

ஒரு வருடம் கழித்து ஆலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். ஒரு நாள் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று மேஜைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தியது. இரண்டு ஆசிரியைகள் கெஞ்சிப் பார்த்தார்கள், ஒருத்தி அதட்டிப் பார்த்தாள். ஜனீன் தரையில் உட்கார்ந்து, மேஜைக்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தன் ஆப்பிளைத் தின்றாள். பாதி ஆப்பிள் முடிவதற்குள் கத்தல் நின்றது. முழுதும் முடிந்தபோது பிள்ளை அவள் முழங்கால் மேல் தலையை வைத்திருந்தது.

துணைத்தலைமை ஆசிரியை இமோஜன் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. கழுத்தில் எப்போதும் நான்கைந்து சாவிகள் தொங்கும்.

"எப்படிங்க பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே. ஆப்பிள் தின்னேன்."

"அதான். உங்ககிட்ட ஒரு அமைதி இருக்கு ஜனீன். பிள்ளைங்க அதக் கண்டுபிடிச்சிடும்."

ஜனீனுக்குத் தெரியும், அது அமைதி இல்லை. ஆனால் வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெயர் தெரியாத ஒன்றை நம்பித்தான் இமோஜன் அந்த வருடத்துப் பயிற்சிக்கு அவள் பேரை எழுதிக் கொடுத்தாள். பயிற்சியில் அவளை வழிநடத்தும் பொறுப்பும் இமோஜனுடையதுதான்.

கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் துடைப்பம் வைத்திருந்த சின்ன அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். உட்கார இரண்டு மெத்தை மூட்டை, ஒரு மணல் தட்டு, ஒரு தாழ்ந்த மேஜை. வியாழக்கிழமைதோறும் வகுப்பு வேலை கிடையாது, படிப்புதான். மடிக்கணினித் திரையில் ஒரு பயிற்சியாளர் வந்து, பிள்ளைகளின் பயம் உடம்பில் எங்கே இருக்கும், கோபத்துக்கு அடியில் என்ன இருக்கும், பிள்ளை பேசும்போது நாம் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். ஜனீன் குறிப்பெடுத்தாள். செய்ததையெல்லாம் எழுதி, தேதி போட்டு, கோப்பில் சேர்த்தாள். இருபத்துநான்கு முகங்கள் வரைந்த அட்டைக்கட்டு ஒன்று கொடுத்தார்கள். வெட்கம், பொறாமை, ஏமாற்றம், பெருமிதம் என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பெயர். ஆலையில் பெட்டி எண்களை மனப்பாடம் செய்ததுபோல அவள் இருபத்துநான்கையும் மனப்பாடம் செய்தாள்.

பிள்ளைகள் வந்தார்கள். அப்பா வீட்டைவிட்டுப் போன பிள்ளை, கணக்கு என்றாலே வாந்தி எடுக்கும் பிள்ளை, நாய் செத்துப்போன பிள்ளை. வந்தார்கள், மணலைக் கிளறினார்கள், பேசினார்கள். போகும்போது கொஞ்சம் லேசாகத்தான் போனார்கள். ஜனீனுக்கு அது கண்ணால் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்றும் தெரிந்தது.

இரண்டாவது குளிர்காலத்தில் டீகன் வந்தாள். ஒன்பது வயது. வகுப்பில் மேஜையிலேயே தலையைப் போட்டுத் தூங்கிவிடுவாள். எழுப்பினால் எழுப்பியவரைக் கடிப்பதுபோலப் பார்ப்பாள். பக்கத்திலிருந்த பெண்ணை ஒரு நாள் அளவுகோலால் அடித்துவிட்டாள். டீகனுடைய அம்மா லியான், ஆலையில் ஜனீனுக்கு எதிர்ப்பக்கம் எட்டு வருடம் நின்று வேலை செய்தவள். டீகன் வயிற்றில் இருந்தபோது லியானுக்கு மீன் வாடை ஆகாமல் போய், ஜனீன்தான் அவளை அடிக்கொருதரம் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு பெல்ட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்வாள்.

செவ்வாயும் வெள்ளியும், ஆறு வாரம் என்று முடிவாயிற்று. முதல் நாளே சொல்ல வேண்டியதை ஜனீன் சொன்னாள்.

"நீ இங்க பேசறத நான் வெளிய போய்ப் பேச மாட்டேன் கண்ணு. ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஏதாவது ஆபத்துன்னு எனக்குத் தோணிச்சுன்னா, இமோஜன் மிஸ்கிட்ட சொல்லித்தான் ஆகணும். சரியா?"

"சரி மிஸ்." டீகன் மெத்தை மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நான்கு வாரம் உப்புமாவு பிசைந்தார்கள். மாவும் உப்பும் தண்ணீரும் கலந்து உருண்டை பிடித்து, நண்டு, படகு, ஒரு பொட்டலம் சிப்ஸ் என்று பொம்மைகள் செய்தார்கள். டீகன் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் ஜனீன் முக அட்டைகளை மேஜையில் பரப்பினாள்.

"இன்னிக்கு நீ எப்படி இருக்க? எதுன்னு காட்டு பாப்போம்."

டீகன் இருபத்துநான்கையும் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டாள்.

"இதுல இல்ல மிஸ்."

"எது இல்ல?"

"ஒண்ணும் தோணலன்னா எதக் காட்டறது?"

பயிற்சியில் இதற்கு விடை இருந்தது. ஒன்றும் இல்லை என்பதற்குக் கீழே ஏதோ ஒன்று இருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும். ஜனீன் தேடவில்லை.

"எனக்கும் அப்படித்தான்" என்றாள்.

டீகன் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "பெரியவங்களுக்குமா?"

"ம்."

அன்றைய குறிப்பில் ஜனீன் அதை எழுதவில்லை.

ஐந்தாவது வாரம், வெள்ளிக்கிழமை. டீகன் மாவை உருட்டிக்கொண்டே, யாரோ வேறு ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஜூட் ரெண்டு மணிக்கு முழிச்சிடுவான் மிஸ். பால் சுட வெச்சுக் குடுக்கணும். இல்லன்னா செவுத்துல தலைய முட்டிப்பான்."

ஜூட் அவள் தம்பி. இரண்டு வயது.

"அம்மா எழுந்து குடுக்க மாட்டாங்களா?"

"அம்மா ராத்திரி ஷிஃப்ட்."

"அப்ப வீட்ல யாரு இருப்பா?"

"நான்தான்." மாவை வைத்துவிட்டு இடது கை சட்டையை மேலே இழுத்தாள். மணிக்கட்டுக்கு மேல் பழுப்பாக ஒரு தழும்பு, ஒரு விரல் நீளம். "இது பால் பாத்திரம். வலிக்கல."

கொதிகலன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டீகன் சட்டையை இறக்கிவிட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ். சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"நான் சொல்லித்தான் ஆகணும் கண்ணு. முதல் நாளே சொன்னேன்ல."

டீகனுடைய முகம் மாறியது. அந்த முகம் இருபத்துநான்கில் இல்லை.

"சும்மா சொன்னேன். பொய். ஜூட் ராத்திரி முழுக்கத் தூங்குவான். எல்லாம் பொய் மிஸ்."

"சரி. நீ சொன்னத சொன்ன மாதிரி எழுதறேன். பொய்னு சொன்னதையும் எழுதறேன்."

மணி அடித்ததும் ஜனீன் நேராக இமோஜனிடம் போனாள். படிவத்தில் பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே, தன் கருத்து எதுவும் சேர்க்காமல், எழுதினாள். கையெழுத்து ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை. இமோஜன் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியாப் பண்ணிருக்கீங்க. ரொம்ப சரியா. நீங்க பரவாயில்லையா?"

"பரவாயில்ல" என்றாள் ஜனீன். அது உண்மையாகவே இருந்தது. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்திருக்க வேண்டும்.

அன்று மாலையே குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் லியான் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகளையும் தற்காலிகமாக வேறு குடும்பங்களில் விட்டார்கள். இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரே வீடு கிடைக்கவில்லை. டீகன் ஸ்டாக்டனில், ஜூட் டார்லிங்டனில். டீகனைத் தினமும் டாக்ஸியில் பள்ளிக்கு அழைத்து வந்தார்கள். காலையில் பள்ளியில் டோஸ்ட் சாப்பிடும் பிள்ளைகளோடு வந்து உட்காருவாள். ஜனீன் வெண்ணெய் தடவித் தட்டை நீட்டினால், பக்கத்துத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்வாள். சின்ன அறைக்கு அவள் அப்புறம் வரவில்லை. ஆறாவது வாரம் குறிப்பேட்டில் காலியாக இருந்தது.

ஒரு புதன்கிழமை பள்ளி விடும் நேரம். மழை சாய்வாக அடித்தது. ஜனீன் மஞ்சள் மேலங்கியோடு வாசலில் நின்று பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். லியான் சாலையைக் கடந்து வந்தாள். ஆலையின் வெள்ளைக் காலணியோடேயே வந்திருந்தாள்.

"ஏண்டி ஜனீன்." சத்தம் போடவில்லை. அதனால்தான் பக்கத்தில் நின்ற தாய்மார்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எட்டு வருஷம் எம்மூஞ்சிக்கு எதிர்ல நின்னியேடி. என்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"கேக்கக் கூடாது லியான். விதி அப்படி."

"விதி! கழுத்துல ஒரு அட்டையத் தொங்க விட்டதும் விதி வந்துடுச்சா உனக்கு? பகல் ஷிஃப்ட் குடுங்கன்னு ரெண்டு வருஷமாக் கேட்டேன், குடுக்கல. பிள்ளைங்களப் பாத்துக்கிட்டிருந்த பொண்ணு ஊர விட்டுப் போயிட்டா. நான் என்ன பண்ணுவேன்? எங்கிட்ட யாருடி கேட்டா?"

ஜனீன் கடந்துபோன ஒரு பிள்ளைக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றாள்.

"உன் புள்ள செத்தப்ப உன் பெல்ட்டையும் நான்தான் பாத்தேன். ரெண்டு மாசம். நீ பொம்ம மாதிரி நிப்ப, துண்டெல்லாம் கீழ விழும், நான் பொறுக்குவேன். யாருக்காவது போய்ச் சொன்னேனா? இவளுக்கு நிதானம் இல்ல, வேலைய விட்டுத் தூக்குங்கன்னு சொன்னேனா?"

அது ஜனீனுக்குத் தெரியாது. துண்டுகள் விழுந்தது அவளுக்கு ஞாபகமே இல்லை.

"சொல்லல" என்றாள்.

"ஒரு சொட்டு அழல நீ. அன்னிக்கே நெனச்சேன், கல்லுன்னு." லியான் அழுதுகொண்டிருந்தாள், மழையில் அது தனியாகத் தெரியவில்லை. "கல்லப் புடிச்சுப் பிள்ளைங்க மனசப் பாத்துக்கச் சொல்லியிருக்காங்க பாரு."

அவள் போனபின் ஜனீன் கடைசிப் பிள்ளை போகும்வரை நின்றாள். இடது சாக்ஸ் நனைந்திருந்தது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நடந்ததையெல்லாம் ஆலனிடம் சொன்னாள். ஐந்து வருடத்தில் அவள் அவனிடம் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"அவ சொன்னது எல்லாம் நெஜம் ஆலன்."

"நீ சொல்லாம இருந்திருப்பியா?"

"மாட்டேன். நாளைக்கே இன்னொரு பிள்ள வந்து சொன்னாலும் போய்ச் சொல்லுவேன்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. சொல்லும்போது எனக்கு ஏதாவது ஆகணும்ல? ஒண்ணும் ஆகல."

ஆலன் இன்னொரு கத்தியை எடுத்து வந்து பக்கத்தில் நின்று உரிக்க ஆரம்பித்தான். தேவைக்கு மேல் உரித்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு அது மூன்று நாள் கிழங்கு.

சனிக்கிழமை காலை ஜனீன் பஸ் ஏறி ஆலைக்குப் போனாள். ஷிஃப்ட் போடும் மொய்ரா இன்னும் அதே கண்ணாடி அறையில், அதே சுடுநீர்க் குடுவையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அடேயப்பா! பள்ளிக்கூடத்து அம்மா வந்திருக்காங்க. என்ன, மீன் வாடை இல்லாம தூக்கம் வரலையா?"

"லியானுக்குப் பகல் ஷிஃப்ட் குடு மொய்ரா."

"ஓ. அதானா? ஊரே பேசுது. நீதான் போட்டுக் குடுத்தன்னு பேசுது. இப்ப நீயே சிபாரிசுக்கு வர்ற."

"ரெண்டும் நான்தான்."

"பகல்ல எடம் இல்லம்மா. பன்னண்டு பேரு வரிசையில நிக்கறாங்க."

"பகல் ஷிஃப்ட் இல்லன்னா பிள்ளைங்க திரும்பி வராது. அவளுக்குப் பகல் வேல இருக்குன்னு அந்த ஆபீஸ்ல காட்டணும். பன்னண்டு பேர்ல யாருக்கு இப்படி இருக்கு, சொல்லு. அவங்களுக்குக் குடு, நான் போயிடறேன்."

மொய்ரா குடுவையைத் திறந்து மூடினாள். ஜனீன் எழுந்து போகவில்லை. கெஞ்சவும் இல்லை. மேஜைக்கடியில் கத்திய பிள்ளையோடு உட்கார்ந்திருந்ததுபோலவே உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து மொய்ரா, "இப்படிப் பாக்காதடி, குளிருது" என்று சொல்லிவிட்டுப் பட்டியலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மார்ச் முதல் வாரத்திலிருந்து லியானுக்குப் பகல் வேலை கிடைத்தது. யார் கேட்டு வந்தது என்று மொய்ரா லியானிடம் சொல்லியிருப்பாள். ஆலையில் எதுவும் ஒளிந்து கிடப்பதில்லை. லியான் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் முன்போலவே எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

ஏப்ரலில் மதிப்பீட்டாளர் வந்தார். லீட்ஸ் பக்கத்து ஆள், மெலிந்த மனிதர், மெல்லப் பேசுவார். காலையில் ஜனீன் இரண்டு பிள்ளைகளோடு வேலை செய்வதை மூலையில் உட்கார்ந்து பார்த்தார். மதியம் கோப்பை நடுவில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

"இந்தப் பதினெட்டு மாசத்துல நீங்க எடுத்த ரொம்பக் கஷ்டமான முடிவு எது?"

பேர்களை மாற்றிச் சொன்னாள். பிள்ளை என்ன சொன்னது, தான் என்ன சொன்னாள், எத்தனை நிமிடத்தில் இமோஜனிடம் போனாள், படிவத்தில் எப்படி எழுதினாள். பிள்ளை பொய் என்று சொன்னதையும் சொன்னாள். அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று என்பதைக் கேட்காமலேயே சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டார்.

"இப்படி ஒண்ணு நடந்தப்புறம் உங்கள நீங்க எப்படிப் பாத்துக்கிட்டீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். நடைப்பயிற்சி, நண்பர்கள், மூச்சுப்பயிற்சி என்று விடையும் தயாராக இருந்தது.

"உருளைக்கிழங்கு உரிச்சேன்" என்றாள் ஜனீன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் கூட நின்னு உரிச்சார். எனக்கு ஒரு பையன் இருந்தான். இப்ப இல்ல. அதுலேர்ந்து எனக்கு மனசுல ஒண்ணும் தோணறதில்ல. அந்தப் பிள்ளைகிட்ட மட்டும் அதச் சொன்னேன். குறிப்புல எழுதல. எழுதியிருக்கணும்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "சொன்னதுக்கு நன்றி" என்றார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. டிஸ்டிங்ஷன். ஆசிரியர் அறையில் இமோஜன் கேக் வெட்டினாள். மேலே சர்க்கரையில் ஜனீன் பேரை எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். மதிப்பெண்ணில் பாதி கஷ்டமான முடிவைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு பதிலுக்குத்தான் என்று இமோஜன் காதருகில் சொன்னாள். ஜனீன் கையிலிருந்த கேக் துண்டைப் பார்த்தாள். ஒரு அம்மாவிடமிருந்து இரண்டு பிள்ளைகளைப் பிரித்த வெள்ளிக்கிழமைக்குக் கிடைத்த கேக் அது. தின்ன முடியாது என்று நினைத்தாள், ஆனால் தின்ன முடிந்தது. செப்டம்பரிலிருந்து வாரம் நான்கு நாள் நிரந்தர வேலை என்று கடிதமும் கொடுத்தார்கள்.

மே மாதக் கடைசியில் டீகனும் ஜூட்டும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அலுவலகத்திலிருந்து வாரம் ஒரு தரம் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். டாக்ஸி வருவது நின்றது. டீகன் நடந்து வந்தாள். வகுப்பில் தூங்குவதில்லை என்று ஆசிரியை சொன்னாள். ஜனீன் அதைக் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதினாள்.

ஜூலையில் பள்ளியின் விளையாட்டு நாள். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து மைதானத்தின் பாதியை விழுங்கியிருந்தது. ஓடுகிற பிள்ளைகள் பனிக்குள் போய்ப் பனியிலிருந்து வெளியே வந்தார்கள். ஜனீன் முடிவுக்கோட்டில் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டத்தில் நான்காவதாக வந்த டீகன், மூச்சு வாங்கியபடி அவளுக்கு இரண்டடி தள்ளிப் புல்லில் உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"உங்ககூடப் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"அப்ப பேசாத."

"பேசல. ஜூட் பத்தித்தான் சொல்றேன். அவன் இப்பப் பேசறான்."

"என்ன சொல்றான்?"

"'போ'ன்னு. எது குடுத்தாலும் 'போ'. சாப்பாடு குடுத்தா 'போ', குளிக்கக் கூப்பிட்டா 'போ'. வாராவாரம் வர்ற ஆபீஸ் அம்மாவையும் 'போ'ன்னுட்டான். அவங்க அதக்கூட எழுதிக்கிட்டாங்க."

ஜனீனுக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தாள். டீகன் திரும்பிப் பார்த்தாள்.

"சிரிக்கிறீங்களா மிஸ்?"

"தெரியல."

அடுத்த ஓட்டத்துக்கு விசில் ஊதினார்கள். டீகன் எழுந்து, பின்பக்கத்துப் புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு, தன் வகுப்பு வரிசைக்கு ஓடினாள். மைதானத்தின் மறுபக்கம், பெற்றோர் நிற்கும் கயிற்றுக்கு அப்பால், லியான் இடுப்பில் ஜூட்டோடு நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாளா இல்லையா என்று அந்தப் பனியில் சொல்ல முடியவில்லை. ஜனீன் நாடாவை இழுத்துப் பிடித்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடி வரும் சத்தம் கேட்டது.